‘ரிவர் வியூ’ டென்ட் புக் பண்ணப் போறீங்களா? அதுக்கு முன்னாடி இந்தக் கேள்விகளைக் கேளுங்க!

ஆற்றங்கரை கேம்ப்பிங் இப்போது குடும்பங்களின் ஃபேவரைட் ஆகிவிட்டது. டென்ட், காட்டேஜ், கேரவன் என எதில் தங்கினாலும், இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும்? ஒரு முழுமையான கைடு.

“டென்ட் ஜிப்பைத் திறந்தா ஆறு. கால் நனைச்சுக்கிட்டே காபி குடிக்கலாம்!”

ரீல்ஸில் வந்த இந்த ஒரு வரியில்தான் எங்கள் குடும்பமே விழுந்தது. காலாண்டு விடுமுறை நெருங்கிய நேரம். சித்தி அந்த வீடியோவை ஃபேமிலி குரூப்பில் போட, அடுத்த பத்து நிமிடத்தில் பெரியப்பா வேனுக்குச் சொல்லிவிட்டார். “பத்திரிகையில வேலை பார்க்குறல்ல, நீயே பேசி புக் பண்ணிடு” என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் போன் செய்து வாடகை கேட்டேன், சாப்பாட்டு மெனு கேட்டேன், கேம்ப் ஃபயர் உண்டா என்று கேட்டேன். ஆற்றைப் பற்றி மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருந்தது அந்த இடம். நான்கு வயதுக் குட்டிப்பையன் முதல் 74 வயது அப்பாயி வரை மொத்தம் 11 பேர். தண்ணீரிலிருந்து இருபதடி தூரத்தில், வெள்ளை மணலில் மூன்று டென்ட். வீடியோவில் பார்த்ததைவிட அழகு.

சாயங்காலம் ஆறு மணிக்கு டம்ளர் கழுவப் போன அப்பாயி, தண்ணீர் முடியும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்துவிட்டு வந்தார். “எதுக்கு அப்பாயி?” என்று குட்டிப்பையன் கேட்டதற்கு, “குளித்தலையில எங்க வீட்டுக்குப் பின்னாடி காவேரி. ஆடி மாசம் வந்தா, படித்துறையில எத்தனை படி முழுகியிருக்குன்னு பார்த்துட்டுத்தான் ராத்திரி படுப்போம். இங்க படி இல்ல, அதான் குச்சி” என்றார். நாங்கள் சிரித்தோம்.

எட்டரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், குச்சியைக் காணோம். மாலையில் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் டீ நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. சருகும் நுரையும் மிதந்து வந்தன. வானத்தில் நட்சத்திரங்கள் தெரிந்தன, ஒரு சொட்டு மழை இல்லை.

கேம்ப்பைப் பார்த்துக்கொண்ட பையன், “அது ஒண்ணும் இல்ல பாட்டி. தினமும் இப்படித்தான் ஏறி இறங்கும்” என்றான்.

“இறங்கட்டும் தம்பி. இறங்குனதும் நான் வந்து படுத்துக்குறேன். இப்ப புள்ளைங்களை மேல கூட்டிட்டுப் போறேன்” என்று அப்பாயி எழுந்துவிட்டார். ‘காசு கொடுத்தும் வேன்லயே தூங்கணுமா?’ என்று பெரியப்பா முணுமுணுத்தபடியே வந்தார். பாதிப் பேர் வேனில், மீதிப் பேர் மேட்டில் இருந்த சாப்பாட்டுக் கொட்டகையில்.

விடிந்து பார்த்தபோது இரண்டு டென்ட்டுகளின் தரைவிரிப்புக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது டென்ட் சாய்ந்து கிடந்தது. மேலே இருந்த அணையில் ஷட்டரைத் திறந்திருக்கிறார்கள். அந்தத் தகவல் முந்தைய நாள் மதியமே கேம்ப்புக்கு வந்துவிட்டது என்பதும், எங்களிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. எங்களுக்கு நனைந்த தலையணைகளோடு போயிற்று. ஆனால், அன்று அப்பாயி வராமல் இருந்திருந்தால் என்று யோசிக்கும்போது இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. புக் செய்தவள் நான் அல்லவா?

ஊருக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அன்று கேட்காமல் விட்ட கேள்விகளைத் தேடித் தெரிந்துகொண்டதுதான். அவைதான் இந்தக் கட்டுரை.

வெயில் அடித்தாலும் வெள்ளம் வரும்

ஆற்றங்கரையில் முகாம் போடுகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். நாம் நிற்கும் இடத்தில் மழை பெய்கிறதா என்பது முக்கியமே இல்லை. மேலே மலையில் பெய்கிறதா, மேலே அணை இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

2014 ஜூன் 8-ம் தேதி இமாச்சலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றில் நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா போன பொறியியல் கல்லூரி மாணவர்கள், மாலை நேரத்தில் தண்ணீர் குறைவாக ஓடிய ஆற்றில் இறங்கிப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்த லார்ஜி நீர்மின் திட்ட அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்பட்டது. 24 மாணவர்களும், உடன் சென்ற டூர் ஆபரேட்டரும் அடித்துச் செல்லப்பட்டார்கள்.

நம் ஊருக்கு வந்தால், 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலம். குளித்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணெதிரே சில நொடிகளில் காட்டாற்று வெள்ளம் பாய்ந்து, 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார்.

2025 ஜூலை 4-ம் தேதி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், குவாடலூப் ஆறு விடியற்காலை இருட்டில் சுமார் 45 நிமிடங்களில் 26 அடி உயர்ந்தது. கரையோரம் இருந்த சிறுமிகளின் கோடைக்கால முகாமும், கேரவன் வண்டிகள் நிற்கும் பார்க்குகளும் வெள்ளத்தில் சிக்கின. அந்த வெள்ளத்தில் இறந்தவர்கள் 130 பேருக்கும் மேல். ஸ்பெயினின் பியெஸ்காஸ் என்ற ஊரில் 1996 ஆகஸ்ட் 7 அன்று ஒரு கேம்ப்பிங் மைதானத்துக்குள் காட்டாறு புகுந்து 87 பேர் இறந்தார்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடை, காலங்காலமாகக் கல்லும் மண்ணும் கொண்டுவந்து கொட்டி விசிறி போலப் பரப்பிய நிலத்தில் அமைந்திருந்தது அந்த மைதானம். தண்ணீர் தன் பழைய பாதைக்கே திரும்பி வந்தது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆறு பெருகுவதை நம்மால் தடுக்க முடியாது. எங்கே படுக்கிறோம் என்பதை நம்மால் முடிவு செய்ய முடியும். அதற்காகத்தான் சொல்கிறேன்.

இடத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

வெள்ளம் வந்துபோன இடம் அடையாளம் விட்டுவிட்டுத்தான் போகும். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

● மரக்கிளைகளைப் பாருங்கள். கிளைகளில் காய்ந்த புல், வைக்கோல், பிளாஸ்டிக் பை, கந்தல் துணி சிக்கியிருந்தால், போன வெள்ளத்தில் தண்ணீர் அந்த உயரம்வரை வந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் தலைக்கு மேலே அது தொங்கினால், அங்கே டென்ட் போடக் கூடாது.

● வெள்ளை மணல் திட்டு, கூழாங்கல் பரப்பு. போட்டோவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. தூங்குவதற்கு இதைவிட மோசமான இடமும் கிடையாது. அந்த மணலை அங்கே கொண்டுவந்து போட்டதே ஆறுதான். அடுத்த முறையும் வரும்.

● ஆற்றின் வளைவு. வளைவின் உள்பக்கம் மணல் சேரும், தண்ணீர் ஏறினால் முதலில் முழுகுவது அதுதான். வெளிப்பக்கம் கரையை ஆறு அரித்துக்கொண்டே இருக்கும், விளிம்பு இடிந்து விழலாம். நேராக ஓடும் பகுதியில், மேடான கரைதான் நல்லது.

● நடுத்திட்டு வேண்டவே வேண்டாம். ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடும் தீவு மாதிரியான இடத்தில் தங்கினால், தண்ணீர் ஏறும்போது திரும்பி வர வழி இருக்காது. வாய்க்காலைக் கடந்துதான் முகாமுக்குப் போக வேண்டும் என்றாலும் இதே சிக்கல்தான்.

● தூரம். உலகம் முழுக்க இயற்கை முகாம்காரர்கள் பின்பற்றும் ஒரு கணக்கு, தண்ணீரிலிருந்து 200 அடி. பெரியவர்கள் நடையில் சுமார் 70 எட்டு. ஆறு அசுத்தமாகக் கூடாது என்பதற்காகவும், தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளுக்கு வழிவிடவும் சொல்லப்பட்ட தூரம் அது. நம் பாதுகாப்புக்கும் அதுவே குறைந்தபட்சம். தூரம் மட்டும் போதாது, உயரமும் வேண்டும். 200 அடி தள்ளியிருந்தாலும் சமதளமாக இருந்தால் தண்ணீர் வந்துவிடும்.

● தலைக்கு மேலே என்ன? காய்ந்த கிளை, பட்டுப்போன மரம், பாறைச் சரிவு இவற்றின் கீழ் படுக்கக் கூடாது. மூங்கில் புதர் அடர்ந்த இடம் என்றால் யானை வரும் இடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். ‘ஆற்றுச் சத்தத்தில் தூங்கினால் எவ்வளவு சுகம்’ என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சத்தத்தில் எச்சரிக்கை சைரனும் கேட்காது, பக்கத்து டென்ட்டில் குழந்தை அழுவதும் கேட்காது. பள்ளத்தில் இரவுக் குளிர்காற்று வந்து தேங்கும், டென்ட்டின் உள்பக்கம் வியர்த்து நனையும். கொஞ்சம் மேட்டில் படுத்தால் இந்த மூன்று பிரச்னையும் குறையும்.

டென்ட்டா, காட்டேஜா, கேரவனா?

டென்ட்: இளைஞர்களுக்கும், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கும் ஏற்றது. ‘4 பேர் டென்ட்’ என்று எழுதியிருந்தால், பைகளோடு மூன்று பேர்தான் நிம்மதியாகப் படுக்க முடியும். மேலே தனியாக மழைவிரிப்பு இருக்கிறதா, அடியில் தரைவிரிப்பு தருகிறார்களா என்று கேளுங்கள். துணியின் தண்ணீர் தாங்கும் திறனை மில்லிமீட்டரில் குறிப்பார்கள். 2,000-க்கு மேல் இருந்தால் நம் ஊர் மழையை ஓரளவு தாங்கும். எக்காரணம் கொண்டும் கரி அடுப்பையோ, கேஸ் ஸ்டவ்வையோ குளிருக்காக டென்ட்டுக்குள் எடுத்துப் போகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

நிலையான டென்ட், காட்டேஜ்: கைக்குழந்தை, முதியவர்கள், கர்ப்பிணிகள் இருந்தால் இதுதான் சரி. சிமென்ட் மேடையில் அமைத்து, உள்ளேயே கழிவறையும் கட்டிலும் வைத்திருப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாயியைக் கூட்டிக்கொண்டு டார்ச் லைட்டோடு பொதுக் கழிவறைக்கு நடந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கேரவன்: வெளிநாடுகளில் ஆர்.வி. என்று சொல்லும் வீட்டு வண்டிகள் இப்போது இங்கேயும் வாடகைக்குக் கிடைக்கின்றன. கேரள அரசு 2021-ல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்தது. அதன் முதல் கேரவன் பார்க் 2022-ல் வாகமனில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் இருக்கிறது. ஆனால் ஆற்றங்கரையில் கேரவன் நிறுத்த வசதியான இடங்கள் நம் பக்கம் இன்னும் குறைவுதான். அதனால் நான்கு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலாவது, வழி. கடைசி சில கிலோமீட்டர் மண் பாதையா, கொண்டை ஊசி வளைவா, தாழ்வான கிளைகளோ மின்கம்பியோ குறுக்கே இருக்கிறதா? இரண்டாவது, தரை. மணலில் நிறுத்தினால் சக்கரம் புதையும். கெட்டியான, சமமான தரைதான் வேண்டும். மூன்றாவது, இணைப்புகள். ஏ.சி. ஓடும் அளவுக்கு மின் இணைப்பு, நல்ல தண்ணீர் பிடிக்கக் குழாய், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய முறையான இடம் இருக்க வேண்டும். ‘அப்படியே ஆத்துல திறந்து விட்டுடலாம் சார்’ என்று ஓர் இடத்தில் சொன்னால், அந்த இடமே வேண்டாம். நான்காவது, வண்டியின் முகம் வெளியே போகும் பாதையைப் பார்த்தபடி நிறுத்துங்கள். ராத்திரி அவசரத்தில் ரிவர்ஸ் எடுக்க நேரம் இருக்காது.

‘அவ்வளவு பெரிய வண்டிக்கு என்ன ஆகும்?’ என்று நினைக்க வேண்டாம். வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும், ஒரு அடி சின்ன காரை நகர்த்தும், இரண்டு அடி பெரும்பாலான வாகனங்களை இழுத்துப் போய்விடும் என்று அமெரிக்க தேசிய வானிலை சேவை எச்சரிக்கிறது.

அனுமதி வாங்கிய இடமா?

‘காட்டுக்குள்ளே சீக்ரெட் ஸ்பாட்’ என்று விளம்பரம் வந்தால் உடனே உஷாராகிவிடுங்கள். நம் ஆற்றங்கரைகளில் பல இடங்கள் காப்புக்காடு, சரணாலயம் அல்லது புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே தங்கினால் அபராதமும் வழக்கும் முகாம் நடத்துபவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

நீலகிரி மாவட்டம் சீகூர் பகுதி யானை வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததும், அங்கிருந்த ரிசார்ட்டுகள் சிக்கலுக்கு உள்ளானதும் செய்திகளில் படித்திருப்பீர்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், ரிசார்ட் டென்ட்டில் தங்கியிருந்த 26 வயது இளம்பெண் யானை தாக்கி இறந்தார். கங்கைக் கரையில் கவுடியாலா முதல் ரிஷிகேஷ் வரை மணற்பரப்பில் பெருகிய முகாம்களுக்கு, 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்பாடு விதித்தது.

யானை, காட்டெருமை எல்லாம் இருட்டத் தொடங்கும் நேரத்தில் தண்ணீருக்கு வரும். அது அவற்றின் பாதை. அந்தப் பாதையில் டென்ட் போட்டுவிட்டு ‘யானை வந்துடுச்சு’ என்று அலறுவதில் நியாயமே இல்லை.

குடும்பத்தோடு போக ஏற்ற ஆற்றங்கரைகள்

பீமேஸ்வரி, காலிபோர் (கர்நாடகா): காவிரிக் கரையில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் நடத்தும் முகாம்கள். பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் என்பதால் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்தினருக்கு வசதி. நிலையான டென்ட் காட்டேஜ், சாப்பாடு, பரிசல், கயாக்கிங் எல்லாம் உண்டு. காவிரி வனவிலங்கு சரணாலயப் பகுதி, ஆற்றில் முதலைகள் இருக்கின்றன. எனவே, ஊழியர்கள் காட்டும் இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது.

தண்டேலி, கணேஷ்குடி (கர்நாடகா): காளி ஆறு. ராஃப்டிங் பிரியர்களின் இடம். இங்கே படகுச் சவாரியே சூபா அணைப் பக்கமிருந்து திறந்துவிடும் தண்ணீரை நம்பித்தான் நடக்கிறது. அதனால் எந்த நேரத்தில் தண்ணீர் ஏறும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கரையிலிருந்து தள்ளித் தங்குங்கள்.

பரளிக்காடு (கோவை): காரமடை வழியாக, பில்லூர் அணைப் பக்கம். வனத்துறையின் சூழல் சுற்றுலா. பரிசல் சவாரி, மலைவாழ் மக்கள் சமைத்துத் தரும் மதியச் சாப்பாடு, ஆற்றுக் குளியல் என ஒரு பகல் முழுக்க இருக்கலாம். முன்பதிவு கட்டாயம். ‘ராத்திரி தங்க பயமா இருக்கு, ஆனா பிள்ளைங்களுக்கு ஆறு காட்டணும்’ என்பவர்களுக்கு முதல் சாய்ஸ்.

ஷிவ்புரி, ரிஷிகேஷ் (உத்தரகாண்ட்): வடக்கே போகிறவர்களுக்கு. ராஃப்டிங் பொதுவாக ஜூலை, ஆகஸ்ட்டில் நிறுத்தப்படும். அந்த மாதங்களில் கரையோரத் தங்கலையும் தவிர்த்துவிடுங்கள்.

எப்போது போகலாம்? மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தமிழகப் பகுதிகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் வரைதான் பெரும்பாலான இடங்களுக்கு நல்ல காலம். நாங்கள் போன காலாண்டு விடுமுறை, தென்மேற்குப் பருவமழை முடிந்து அணைகள் நிறைந்து நிற்கும் நேரம். கோடை விடுமுறையில் போவதானாலும் மலைப்பகுதி திடீர் மழையை மறக்க வேண்டாம். பழைய குற்றாலத்தில் நடந்தது மே மாதத்தில்தான்.

காவிரிக்கரை என்றால் நமக்கு ஒரு வசதி உண்டு. பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி தண்ணீர் வருகிறது என்பது தினமும் செய்தியில் வரும். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் ஒகேனக்கல்லில் பரிசலையும் குளியலையும் நிறுத்துவார்கள். கேம்ப்பிங்கையும் நீங்களே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆற்றில் இறங்கும் முன்...

“ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்பதைப் பழமொழியாக மட்டுமே கேட்டு வளர்ந்துவிட்டோம். மேலே சலனமில்லாமல் கறுப்பாகத் தெரியும் தண்ணீருக்குக் கீழே மடு இருக்கலாம். பாறை ஆறுகளில், தண்ணீர் குடைந்த குழிகள் இருக்கும். சமவெளி ஆறுகளில் மணல் அள்ளிய பள்ளம் இருக்கும். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த எட்டில் முழுகுவது இப்படித்தான்.

பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் அவர்கள் அளவிலேயே இருக்க வேண்டும். மாட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரியது, தண்ணீரில் கழன்றுவிடும். காற்றடைத்த மிதவை பொம்மைகள் நீச்சல்குளத்துக்கு மட்டும். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘எல்லாரும் பார்த்துக்கிறோம்’ என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். யாராவது மாட்டிக்கொண்டால், நீச்சல் தெரியாமல் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறு, புடவை, நீளக் கம்பு, காலி கேன், எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள்.

புக் பண்ணும் முன் போனில் கேட்க வேண்டிய 10 கேள்விகள்

1. டென்ட்டுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்?
2. கடைசியாக வெள்ளம் வந்தபோது தண்ணீர் எதுவரை வந்தது?
3. மேலே அணை இருக்கிறதா? திறந்தால் உங்களுக்கு யார் தகவல் சொல்வார்கள், எங்களுக்கு நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?
4. ராத்திரி முழுக்க விழித்திருக்கும் ஆள் உண்டா?
5. தண்ணீர் ஏறினால் எங்கே போக வேண்டும்? அந்த வழியில் வெளிச்சம் உண்டா?
6. வனத்துறை, சுற்றுலாத்துறை அனுமதி இருக்கிறதா? நகலை அனுப்ப முடியுமா?
7. செல்போன் சிக்னல் எந்த நெட்வொர்க்குக்குக் கிடைக்கும்?
8. பாம்புக்கடி மருந்து உள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம்?
9. குழந்தைகள் அளவில் லைஃப் ஜாக்கெட் எத்தனை இருக்கிறது?
10. மழை அறிவிப்பால் நாங்கள் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ‘பணம் போய்விடுமே’ என்ற எண்ணம்தான் பல குடும்பங்களை மழையிலும் கிளம்ப வைக்கிறது. எங்கள் பெரியப்பாவின் முணுமுணுப்பும் அதே கணக்குதான்.

போய்ச் சேர்ந்ததும் முதல் அரை மணி நேரம்

பையை இறக்கும் முன் எல்லோரும் சேர்ந்து மேட்டுக்குப் போகும் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். பிள்ளைகளிடம் ‘கூப்பிட்டால் இங்கே வந்து நிற்க வேண்டும்’ என்று ஒரு மரத்தையோ பாறையையோ காட்டுங்கள். தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

தண்ணீர் திடீரெனக் கலங்கினால், சருகும் குச்சியும் நுரையும் மிதந்து வந்தால், ஆற்றின் இரைச்சல் கூடினால், அல்லது ஓடிக்கொண்டிருந்த ஆறு காரணமில்லாமல் சட்டென்று வற்றினால், யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். ஆற்றோரமாகவே ஓடாதீர்கள், கரையை விட்டு மேல்நோக்கிப் போங்கள். பொருள்களை எடுக்கத் திரும்பாதீர்கள்.

அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தமிழ்நாட்டில் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. சிக்னல் இருக்கும் இடத்திலேயே இவற்றைப் பதிந்துகொள்ளுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள்.

கிளம்பும்போது குப்பையை நீங்களே கட்டி எடுத்து வாருங்கள். சோப்பு, ஷாம்பூவை ஆற்றில் கரைக்காதீர்கள். கீழே ஓர் ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

இந்தப் பொங்கல் விடுமுறையில் மறுபடியும் ஆற்றங்கரைக்குப் போனோம். பத்துக் கேள்விகளையும் கேட்டேன். மூன்று இடங்களில் ‘என்ன மேடம், போலீஸ் மாதிரி கேக்குறீங்க?’ என்றார்கள். நான்காவது இடத்தில் மட்டும் ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்லி, வெள்ளம் வந்த உயரத்தைக் காட்ட ஒரு மரத்தில் பெயின்ட் அடித்து வைத்திருப்பதை போட்டோ எடுத்து அனுப்பினார். அங்கேதான் போனோம். ஆறு கொஞ்சம் கீழே, மரங்களுக்கு நடுவில் தெரிந்தது. ரீல்ஸுக்கு அவ்வளவு எடுபடாது.

சாயங்காலம் அப்பாயி கைத்தடியை ஊன்றி மெதுவாகத் தண்ணீருக்கு இறங்கினார். பின்னாலேயே குட்டிப்பையன், கையில் ஒரு குச்சியோடு. நட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தவன், “அப்பாயி, எட்டரை மணிக்கு நான் வந்து பார்க்குறேன்” என்றான்.

“தனியா வராத. என்னையும் எழுப்பு” என்றார் அப்பாயி.